யார் அந்த ‘ஜன்னலோரம்’?

மேனேஜர் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் கெடு கொடுத்திருந்தார். அதற்குள் ‘ஜன்னலோரம்’ யாரென்று அறிக்கை அம்மா கண்டுபிடித்தாக வேண்டும்.

அறிக்கை அம்மா எங்கள் பஸ் கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி. கம்பெனி என்ன தப்பு செய்தாலும் பூசி மெழுகி அறிக்கை எழுதுவது அவர் வேலை. அதனால் பணிமனையில் மெக்கானிக்குகள் நாங்கள் வைத்த பேர் அது.

புதன்கிழமை மதியம் நேராக என்னிடம்தான் வந்தார். சந்தேகப்பட நான் இருக்க, வேறு ஆள் எதற்கு?

‘ஜன்னலோரம்’ என்பது போனில் ஊரே பார்க்கிற ஒரு பக்கத்தின் பெயர்; நடத்துவது யாரென்று தெரியாது. மூன்று மாதமாக எங்கள் வண்டிகளின் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. ‘ஒன்பதாம் நம்பர் வண்டியில் வைப்பர் இல்லை. மழையில் டிரைவர் தலையை வெளியே நீட்டி ஓட்டுகிறார்’ என்று படத்தோடு போடும். ஆயிரக்கணக்கில் பார்ப்பார்கள். வருஷக்கணக்கில் நாங்கள் கேட்டும் வராத வைப்பர், மறுநாளே வந்துவிடும்.

கடைசியில் மறக்காமல் ஒரு வரி இருக்கும்: ‘இதில் ஊழியர் தப்பு எதுவும் இல்லை.’

“ஊழியருக்கு இவ்வளவு பரிஞ்சு பேசறவன் ஊழியனாத்தான் இருப்பான்” என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். “முன்னெல்லாம் நாலு பத்திரிகைக்குப் போன் போட்டா விஷயம் அமுங்கிடும். இப்ப டிக்கெட் வாங்கறவன் எல்லாம் நிருபர். எத்தனை பேருக்குப் போன் போடறது?” என்று மீட்டிங்கில் கத்தினாராம்.

அது யாரென்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். கை குலுக்கத்தான். பணிமனையில் டயர் மாட்டுகிற டயர்க்காரரைக் கேட்டுப் பார்த்தேன்.

“நீயாய்யா அது?”

“பொண்டாட்டிக்கு அனுப்ப வேண்டிய முத்தத்தை மச்சினனுக்கு அனுப்பினவன் நான். என்னைப் போய்க் கேக்கறீங்களே அண்ணே!”

அறிக்கை அம்மாவைப் பார்த்ததும் நான் எழுந்திருக்கவில்லை. அவருக்காக எழுந்து பதினோரு வருஷம் ஆகிறது.

அப்போது ஒரு வண்டி சுவரில் மோதியது. ‘பராமரிப்பு ஊழியரின் கவனக்குறைவே காரணம்’ என்று இந்த அம்மா எழுதிக் கொடுத்தது எல்லாப் பேப்பரிலும் வந்தது. அந்த ஊழியர் நான்தான். புது பாகம் கேட்டு நான் நடையாய் நடந்தது ஒரு பேப்பரிலும் வரவில்லை. என் மாமனார் பேப்பரும் கையுமாக வீட்டுக்கே வந்து, எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுப் போனார்.

“உக்காரலாமா?” என்றார் அறிக்கை அம்மா.

“எண்ணெய்ப் பிசுக்கு. துணி பாழாயிடும்.”

அவர் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

“என்ன, நான்தானான்னு கேக்க வந்தீங்களா?”

“இல்ல. இப்ப எந்த வண்டி ரொம்ப மோசமா இருக்கு?”

தூண்டில் போடுகிறார் என்று புரிந்தது. ஓய்வு பெற எனக்கு எட்டு மாதம்தான் இருக்கிறது. ஆனாலும் வாய் சும்மா இருந்தால்தானே?

“இருபத்திரண்டு. பிரேக் லைனிங் தேய்ஞ்சே போச்சு. புதுசு இல்ல. உடைக்கப் போட்ட வண்டியில கழட்டினதை இன்னைக்குக் காலைல நான் தனியா மாட்டி அனுப்பியிருக்கேன். இங்கே எவனுக்கும் தெரியாது. இறக்கத்துல எப்படி நிக்கப் போகுதோ. எழுதிக்குங்க. ‘கவனக்குறைவு’ன்னு எழுதத்தான் உங்களுக்கு நல்லா வருமே.”

அவர் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. எழுந்து வேகமாகப் போய்விட்டார்.

ஒரு மணி நேரத்தில் டயர்க்காரர் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

“அண்ணே, தொலைஞ்சோம்! ‘இருபத்திரண்டாம் நம்பர் வண்டி, உடைக்கப் போட்ட வண்டியின் பிரேக் லைனிங்கோடு ஓடுகிறது. யாரும் ஏறாதீர்கள். இதில் ஊழியர் தப்பு எதுவும் இல்லை.’ ஜன்னலோரம் போட்டிருக்கு!”

இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

“யார்கிட்டண்ணே சொன்னீங்க?”

ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தேன்.

இருபத்திரண்டு பாதி வழியிலேயே திரும்பி வந்து நின்றது.

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். அவர் பக்கத்தில் அறிக்கை அம்மா. மடியில் நோட்டு. முகத்தில் ரத்தமே இல்லை.

“லைனிங் மாட்டினது நீ ஒருத்தன்தான். யார்கிட்ட சொன்னே? பேரைச் சொல்லிட்டா உன்னை விட்டுடறேன். இல்லேன்னா இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்.”

பதினோரு வருஷமாக நான் காத்திருந்த நேரம். விரலை நீட்டினால் போதும்.

அந்த அம்மா நோட்டை மூடினார். “சார், அது வந்து...” என்று ஆரம்பித்தார்.

நான் முந்திக்கொண்டேன்.

“உங்ககிட்டதான் சார் சொன்னேன். புது லைனிங் வேணும்னு போன மாசம் எழுதிக் கொடுத்தேன். ‘பழசை மாட்டி ஓட்டு’ன்னு அதுலயே எழுதிக் கையெழுத்துப் போட்டீங்க. அந்தக் காகிதம் பீரோவுல பத்திரமா இருக்கு.”

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். குரல் இறங்கிவிட்டது. வேலையை விட்டு அனுப்புகிற பேச்சே அதற்குப் பிறகு வரவில்லை. ஆனாலும் பக்கத்தில் இருந்தவரை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“நேத்து இவங்க உன்கிட்ட வந்தாங்களாமே?”

“வந்தாங்க சார். பதினோரு வருஷமா இவங்க மூஞ்சியிலயே முழிக்காதவன் நான். இவங்ககிட்டயா வாயைத் திறப்பேன்?”