சத்து

கஞ்சிக்கோட்டில் கம்பெனி வாசலுக்கு முன்னால் வெயில் சாய்கிறது. மயிலாத்தாளின் சுண்டல் வண்டியில் ஆவி அடங்கிக்கொண்டிருக்கிறது. எதிர்ச்சாரியில் பீகார்க்காரன் ராம்பிரவேஷ் கரித்தணலில் லிட்டி உருண்டைகளைப் புரட்டுகிறான். ஒரு மாதமாக அவளுடைய வாடிக்கைக்காரர்கள் பாதிப்பேர் அவனிடம்தான் போகிறார்கள். ஷிப்டு முடிய இன்னும் கொஞ்சம் நேரமிருக்கிறது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் ரோட்டைத் தாண்டுகிறாள். "ஏனுங்க, இதுக்குள்ளார என்னத்த வெக்கறீங்க?" "சத்து, சேச்சி." "சத்து இருக்கறது இருக்கட்டுங்க. உள்ளார என்னன்னுதான் கேக்கறேன்." "அதான், சத்து," என்று சிரித்தபடி அவன் ஒன்றைப் பிட்டு நீட்டுகிறான். சாம்பல் ஒட்டிய கோதுமை ஓட்டுக்குள் மஞ்சள் மாவு, வெங்காயம், ஓமம், கடுகெண்ணெயின் காட்டம். இத்தனை நாள் அவனைக் கரித்துக்கொட்டிய நாக்குக்கு உடனே தெரிந்துவிடுகிறது, அது வறுத்து அரைத்த கொண்டைக்கடலை. "அட, நம்ம கடலைங்க!" "எங்க ஊர்ல அந்த மாவு பேரே சத்து. வயல்ல வேலை செய்யற ஆளு சாப்பாடு. காலைல தின்னா சாயங்காலம் வரை பசி இல்ல." வாயில் இருந்ததை அவள் மெதுவாக மென்று விழுங்குகிறாள். சங்கு ஊதுகிறது. கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் வேகமாகத் திரும்பிப்போய், சக்கரத்துக்கு அண்டைகொடுத்த கல்லை உதைத்துத் தள்ளிவிட்டு, வண்டியை அவன் அடுப்புக்குப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு வருகிறாள். ராம்பிரவேஷ் அடுப்பை ஓரமாக இழுத்து இடம் விடுகிறான்.