கடைசி இலக்கம்

சாய்வெயில் சமையலறை மேசைவரை வந்து மடிக்கணினித் திரையில் படிந்த தூசியைக் காட்டிக்கொடுக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் திருத்தக்கூடிய ஒரு கணினி இயங்குதளத்துக்கு, சைன், கொசைன் போன்ற தசமப் புள்ளிக் கணக்குகளை இரு மடங்கு வேகத்தில் போடும் நிரலை அவள் எழுதியிருக்கிறாள். அதைப் பலமுறை திருப்பி அனுப்பிய இயங்குதளப் பொறுப்பாளர்கள் இன்று மதியம்தான், “அருமை, நாளை சேர்த்துக்கொள்கிறோம்” என்று எழுதினார்கள். சும்மா ஓடட்டும் என்று அவள் விட்டிருந்த சோதனையில் இப்போது ஒற்றைச் சிவப்பு வரி. கோடிக்கணக்கான எண்களில் ஒரே ஓர் எண்ணுக்கு மட்டும் விடையின் கடைசி இலக்கம் பிசகுகிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு இமைகளை அழுத்திக்கொள்கிறாள். குழாய் சொட்டுகிறது. பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த கணவன் திரையை எட்டிப் பார்க்கிறான். “அவங்களே சரின்னுட்டாங்க, விடேன். யாருக்குத் தெரியப்போகுது?” “எனக்குத் தெரிஞ்சுபோச்சே.” குரலில் கோபமில்லை, அலுப்புதான். “சேர்க்க வேண்டாம், என் நிரலில் பிழை இருக்கிறது” என்று அவர்களுக்குத் தட்டுகிறாள். விரல் சற்றுத் தயங்கி நிற்கிறது, பிறகு அனுப்பிவிடுகிறது. கணவன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்கிறான். “எந்த நம்பர் அது? காட்டு பாப்போம்.”