நாற்பத்தேழு

சோதனைக்கூடத்தின் எஃகு மேசைமேல் கரையொதுங்கிய டால்பின் குட்டி கிடக்கிறது. டியூப்லைட் வெளிச்சம் அதன் முதுகில் ஈரம்போல் படிந்திருக்கிறது. ஆலைக்கழிவு கடலில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று இதுபோன்ற உடல்களில் அளந்து சொல்வதுதான் மேசைமுன் நிற்கும் அவள் வேலை. தலைப்பிரசவ விடுப்பு முடிந்து திரும்பி நான்கு நாள்தான் ஆகிறது. கொழுப்பில் ஒரு துண்டு அறுத்துக் குப்பியில் போட்டு, லேபிளில் மாதிரி எண் நாற்பத்தாறு என்று எழுதி ஒட்டுகிறாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்கிறது. கணினிமுன் இருக்கும் உதவியாளர் திரும்பாமலே, "கூட ஒதுங்கின தாயோட ரிசல்ட் வந்துடுச்சு மேடம். அது உடம்புல விஷம் ரொம்பக் கம்மி. பூராத்தையும் பால்லயே தலைச்சன் குட்டிக்கு இறக்கி வச்சிருச்சு, புண்ணியவதி" என்கிறார். "ம்" என்கிறாள். "நாமளும் இதே கடல் மீனத்தானே வெளுத்துக் கட்டுறோம்" என்று அவர் சிரிக்கிறார். அதற்கும் "ம்" என்கிறாள். மார்பு கனத்து, சட்டை நனைந்துவிட்டிருக்கிறது. கையுறையைக் கழற்றி, சோப்பு போட்டுக் கை கழுவி, தடுப்புக்குப் பின்னால் போய்ப் பாலைப் புட்டியில் எடுக்கிறாள். போனில் கணவன், "பாப்பா அழுது ஊரைக் கூட்டுறா, எப்ப வர்ற?" என்கிறான். "இதோ கிளம்பிட்டேன்." வெதுவெதுப்பான புட்டியில் லேபிளை ஒட்டித் தேதி எழுதுகிறாள். பேனா அதோடு நிற்காமல் நாற்பத்தேழு என்றும் எழுதிவிடுகிறது. அதைக் கிழிக்க அவளுக்குக் கை வரவில்லை.