மூட்டை சுமந்த பக்தர்

"நாம செலண்டாருக்குப் போறோமா, இல்ல இமயமலைக்கா? எனக்கு ஒண்ணும் புரியல லா," என்றாள் புனிதா.

அவள் கணவன் கணேஸ்வரன் கண்டுகொள்ளவில்லை. காரின் பின்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முதுகுப்பையில் சாமான்களைத் திணித்துக்கொண்டிருந்தான். ஜி.பி.எஸ். கருவி, அதற்கு மாற்று பேட்டரி, பவர் பேங்க், டார்ச் லைட், கையுறை, மழைக்கோட்டு, கொசு மருந்து, விசில். காட்டில் தொலைந்துபோனால் ஊதுவதற்காம் விசில். ஊதாமலே இருந்தால் நிம்மதி என்று புனிதா சில நாள் நினைத்ததுண்டு.

"இந்த இடுக்கி?"

"பொட்டிக்குள்ள பேப்பரச் சுருட்டி வெச்சிருப்பாங்க. வெரல் போகாது."

"கண்ணாடி? அங்க போயி சிங்காரிக்கவா?"

"பொந்துக்குள்ள எட்டிப் பாக்க."

"பொம்மை, சாவிக்கொத்து?"

"பொட்டியில இருக்கறத எடுத்தா, பதிலுக்கு நாம ஒண்ணு வெக்கணும். அதான் ரூல்."

"வீட்டுக்கு முட்டை வாங்கிட்டு வரச் சொன்னா மறந்துடும். இது மட்டும் மறக்காது."

முன்பின் தெரியாத யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் குறிப்பைக் கைப்பேசி ஆப்பில் போடுவார். பத்து பெரண்டாம் என்ற ஊரில் தொழிற்சாலை சூப்பர்வைசராக இருக்கும் கணேஸ்வரன் ஞாயிறுதோறும் காடு மேடெல்லாம் அலைந்து அதைக் கண்டுபிடிப்பான். உள்ளே தன் பெயரை எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவான். இதற்கு ஜியோகேச்சிங் என்று பெயர். புனிதா வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

"இதான் கடைசி," என்றாள். "இன்னிக்குப் பொட்டி கெடைக்கலன்னா இந்த மூட்டையில இருக்கறது அத்தனையும் வித்துடணும். எனக்கு என் ஞாயித்துக்கிழமை வேணும்."

"கெடைச்சிட்டா?"

"அப்புறம் நீங்க எந்தக் காட்டுக்குப் போனாலும் நான் வாயத் தொறக்க மாட்டேன்."

புனிதா வாயைத் திறக்கமாட்டாள் என்றால் கணேஸ்வரன் இமயமலைக்கே போவான். உடனே சம்மதித்தான்.

செலண்டார் தாண்டி, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் கார் குலுங்கிக் குலுங்கிப் போனது. ஒரு பெரிய மரத்தடியில் ஜி.பி.எஸ். 'வந்துவிட்டது' என்றது. அடிமரத்தை ஒட்டித் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். உள்ளே, பூட்டிய கம்பிக் கதவுக்குப் பின்னால் மஞ்சள் துணி சுற்றிய சாமி.

"இங்கதான். ரெண்டு வருஷமா ஒருத்தருக்கும் கெடைக்கல," என்று கிசுகிசுத்தான் கணேஸ்வரன். "தேடுறது வெளியாளுக்குத் தெரியக் கூடாது. சாமி கும்புடுற மாதிரி நடி."

"நான் எதுக்கு நடிக்கணும்? நெஜமாவே கும்புடப் போறேன்."

கோயில் முன்னால் விழுந்து எழுந்து, கண்களை மூடிக்கொண்டு முணுமுணுத்தாள். "சாமி, அந்தப் பொட்டி மட்டும் இவரு கையில கெடைக்கவே கூடாது. காப்பாத்துப்பா. அடுத்த வாரமே வந்து பொங்கல் வெக்கிறேன்."

கணேஸ்வரன் கைகூப்பியபடி மரத்தைச் சுற்றினான். வேருக்கு வேர் மண்டியிட்டான். கண்ணாடியை நீட்டிக் கூரையின் அடியில் பார்த்தான். சட்டை நனைந்ததுதான் மிச்சம். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் தம்புசாமி விபூதித் தட்டோடு வந்து, இந்தக் காலத்தில் இப்படியொரு பக்திமானா என்று வாய் பிளந்து நின்றார்.

ஒருவழியாக அவன் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"இல்ல புனிதா. யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க போல."

புனிதாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டாள்.

"ஐயா, உங்க சாமிக்கு எவ்வளவு சக்தி! கேட்ட உடனே குடுத்துட்டாரு. ரொம்பப் பழைய கோயிலா?"

"ரெண்டு வருஷந்தாம்மா ஆச்சு. அதுக்கு முன்ன இது வெறும் மரம்," என்றார் தம்புசாமி. "திடீர்னு வெள்ளக்காரங்க, சீனங்க, சிங்கப்பூர்க்காரங்கன்னு யார் யாரோ முதுகுல மூட்டையோட வர ஆரம்பிச்சாங்க. தம்பி மாதிரியே பயபக்தியா மரத்தச் சுத்துனாங்க, முட்டி போட்டாங்க, பொந்துக்குள்ள கைய விட்டுக் காணிக்கை வெச்சுட்டுப் போனாங்க. ஊரு ஒலகமே தேடி வந்து கும்புடுறத நாம சும்மா விடலாமான்னு, பொந்துல இருந்த டப்பாவுக்கு மஞ்சத் துணி சுத்திக் கோயிலக் கட்டிட்டோம். நீ இப்ப விழுந்து கும்புட்டது அதத்தாம்மா."