ஜாடிக்கு அடியில்

இதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும் என் நாக்கு இந்த நிமிடமே சாம்பலாகப் போகட்டும்.

அடக்கத்துக்கு முந்தைய காபி விருந்து. தேவாலயக் கூடத்தில் ஊரே உட்கார்ந்திருக்க, அல்கோட் எழுந்து போய் ஹில்டிங்கின் அஸ்தி இருந்த ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்தான்.

உடனே அவனைத் திட்டாதீர்கள். பழைய பீங்கான் சேர்க்கிறவர்களின் கை அப்படி. ஐம்பதுகளில் எங்கள் சுவீடனில் சுட்ட தட்டோ, கோப்பையோ, களிமண் பறவையோ எது அகப்பட்டாலும், கவிழ்த்து அடியில் யார் பெயர் என்று பார்த்தால்தான் அந்தக் கைக்கு நிம்மதி.

வியாழக்கிழமைதோறும் அல்கோட், ஹில்டிங் வீட்டுக்குப் பட்டாணி சூப் குடிக்க வருவான். சூப் ஊற்றும் முன் தட்டைக் கவிழ்த்துப் பார்ப்பான். ஒருமுறை ஊற்றிய பிறகும் பார்த்தான்.

அந்த வீட்டில் அவன் அடி பார்க்காதது ஒன்றுதான். அலமாரி மேல் இருந்த கடல்பச்சை ஜாடி.

"பேர் பெற்ற பீங்கான்காரி சிக்னே தன் கையால வனைஞ்சதுடா. அடியில அவ பேரைக் கீறியிருக்கா" என்பான் ஹில்டிங்.

"கிழிச்சா. தொழிற்சாலை முத்திரைதான் இருக்கும். எடு, பாத்துடலாம்" என்பான் அல்கோட்.

எடுக்கவிட்டால்தானே! வியாழன் காலையிலேயே ஹில்டிங் அதில் விளிம்பு வரை இஞ்சி பிஸ்கட்டை நிரப்பிவிடுவான். இரண்டு பேருக்கும் தலை நரைத்ததுதான் மிச்சம்.

ஹில்டிங் செத்தான். அவன் மனைவி குன்வோர், பிடித்த ஜாடியாயிற்றே என்று சாம்பலை அதிலேயே போட்டுவிட்டாள். காபி முடிந்ததும் ஜாடியோடு கல்லறைத் தோட்டத்தில் புதைப்பதாக ஏற்பாடு. அதற்கப்புறம் அடியில் இருப்பதை மண்புழுதான் படிக்க வேண்டும்.

அல்கோட் கடித்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தான்.

வந்து ஜாடியை ஒட்டி நின்றான். நான் இருந்த இடத்துக்கு அவன் மூச்சின் காபி வாடையே அடித்தது.

அப்படியே உயரத் தூக்கி அடியைப் பார்த்திருக்கலாம். ஆனால் பழகின கை. மூடியோடு ஜாடியைத் தூக்கக் கூடாது, மூடி விழுந்து உடையும். பீங்கான்காரர்களின் முதல் பாடம் அது. மூடியை எடுத்து, மேசைத் துணி மேல் பூப்போல வைத்தான்.

பிறகு கவிழ்த்தான்.

எனக்கு உலகமே தலைகீழானது.

பாதிரியாரின் கரண்டி அந்தரத்தில் நின்றது. யாரோ ஒருத்தி "ஐயோ" என்று தொடங்கி, பாதியில் விட்டாள். இறால் அடுக்கிய ரொட்டிக் கேக்கின் மேல் ஹில்டிங்கில் ஒரு பங்கு மெல்லப் படிந்தது.

அல்கோட் மட்டும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு ஜாடியின் அடியைப் படித்துக்கொண்டிருந்தான்.

குன்வோர் எழுந்து வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அறையப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"என்ன போட்டிருக்கு, அல்கோட்?"

அப்போதுதான் அவனுக்குத் தான் செய்தது உறைத்தது. மேசையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஜாடியைச் சட்டென்று நிமிர்த்தி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"சிக்னே பேருதான், குன்வோர். கையால கீறினது. உன் புருஷன் சொன்னது நெசம். நான்தான் மடையன்."

அவள் அழுதாள். அழுகைக்கு நடுவில் சிரித்தும்விட்டாள். கூடம் மூச்சு விட்டது.

அல்கோட் மேசை மேல் குனிந்து, காபிக் கரண்டியால் சாம்பலைத் திரும்ப ஜாடிக்குள் அள்ளினான். அள்ளும்போது உதடு அசையாமல் முணுமுணுத்தான்.

"தொழிற்சாலை முத்திரைடா, திருட்டுப் பயலே. ஜெயிச்சது நான்."

கூடத்தில் வேறு ஒருவருக்கும் அது கேட்கவில்லை.

என் பெயர் ஹில்டிங்.