வங்கியில் பேசும் முறை

"முதல்ல வணக்கம். அப்புறம் கவுன்டர்ல இருக்கறவர் உடம்பு எப்படி, அவங்க அம்மா உடம்பு எப்படின்னு கேக்கணும். அதுக்கப்புறம்தான் கார்டு" என்றாள் ஒத்திலியா டீச்சர்.

ஹெதர் நோட்டில் எழுதிக்கொண்டாள். கனடாவிலிருந்து ஸ்பானிஷ் படிக்க குவாத்தமாலாவின் ஆன்டிகுவா நகருக்கு அவள் வந்து மூன்று வாரம் ஆகிறது. முந்தாநாள், பூங்காவை ஒட்டிய வங்கியின் மெஷின் அவள் கார்டை விழுங்கிவிட்டது. அப்படி விழுங்கிய கார்டெல்லாம் சனிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குத் தலைநகர் ஆபீசுக்குப் போய்விடுமாம். போனால் திரும்புவது சந்தேகம் என்று டீச்சரே சொல்லியிருந்தாள்.

இன்று சனிக்கிழமை. கார்டு கைக்கு வராவிட்டால் மூன்று மணி ஹோண்டுராஸ் பஸ்ஸும் இல்லை, மிச்சப் பயணமும் அம்போதான்.

"நேரா 'என் கார்டைக் கொடுங்க'ன்னு கேட்டா என்ன டீச்சர்?"

"நாய்கிட்டகூட நாங்க அப்படிப் பேசமாட்டோம். 'தொந்தரவுக்கு மன்னிக்கணும், என் கார்டு உங்க மெஷின்லயே தங்கிடுச்சு'ன்னு சொல்லணும். விழுங்கிடுச்சுன்னா அவர்மேல குத்தம் சொன்ன மாதிரி ஆயிடும்."

அவர் 'பாருங்களேன்' என்று ஆரம்பித்தால் 'இல்லை' என்று அர்த்தம் என்றும், அப்போதும் முகம் சுளிக்கக் கூடாது என்றும் டீச்சர் சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொரு வாக்கியமும் தண்ணீர்பட்ட பாடாக வந்தது. பதினைந்து வருஷம் பாடம் எடுத்த பழக்கம் என்று ஹெதர் நினைத்துக்கொண்டாள்.

வங்கி வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலாளி ஹெதரின் தொப்பியைக் கழற்றச் சொல்லி உள்ளே விட்டான். டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

கவுன்டரில் இருந்த குமாஸ்தா எவெலியோ. ஹெதர் வணக்கம் சொன்னாள். அவர் அம்மாவை விசாரித்தாள். கார்டு தங்கிவிட்டதைப் பக்குவமாகச் சொன்னாள். எவெலியோ பூரித்துப்போனார்.

"பாருங்களேன் மேடம், இன்னிக்கி சிஸ்டம் வேலை செய்யலை."

பன்னிரண்டு அடிக்க இருபது நிமிஷம். மூன்று வாரம் படித்த ஸ்பானிஷ் ஒரே நொடியில் பறந்தது. ஹெதர் கவுன்டரில் ஓங்கித் தட்டி ஆங்கிலத்தில் கத்தினாள். தூதரகம், வக்கீல், பத்திரிகை என்று வாயில் வந்த எல்லாவற்றையும் இழுத்தாள். வரிசையே திரும்பிப் பார்த்தது.

எவெலியோ விழுந்தடித்து உள்ளே ஓடினார். இரண்டே நிமிஷத்தில் கார்டோடு வந்தார். காபி வேண்டுமா என்றும் கேட்டார்.

ஹெதருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "மானத்தை வாங்கிட்டேன் டீச்சர். நீங்க சொல்லிக்கொடுத்தது எல்லாம் வீணாப்போச்சு."

டீச்சர் பெஞ்சிலிருந்து எழுந்தாள். ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லிவிட்டு, தானே கவுன்டருக்குப் போனாள். வணக்கம் சொன்னாள். அம்மாவை விசாரித்தாள். தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டாள். எவெலியோவும் குறையில்லாத மரியாதையோடு அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னார்.

திரும்பி வந்த ஒத்திலியா, ஹெதரின் நோட்டை வெள்ளைப் பக்கமாகப் புரட்டி அவளிடமே நீட்டினாள்.

"மெஷின் என் கார்டை விழுங்கி ஒன்பது வாரமாச்சு. இப்ப அங்க கத்துனீங்களே, அதை ஒரு வார்த்தை விடாம எழுதிக் கொடுங்க."