பள்ளிக்கூடத் தெருவில் லாரி

நகராட்சிக் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"பள்ளிக்கூடத் தெருவுல காலையில லாரியே ஓடக் கூடாதுங்க. போன வாரம் பிஸ்கட் கம்பெனி லாரி இடிச்சு ஒரு பொண்ணு கால் உடைஞ்சு கிடக்கா. இன்னும் எத்தனை பேர் விழணும்?"

கைதட்டல் காதைப் பிளந்தது.

தலைவர் கோப்பைப் புரட்டினார். "சரிம்மா, அவங்க தரப்பையும் கேட்கணுமே. பிஸ்கட் கம்பெனி முதலாளி வந்திருக்காரா?"

யாரும் எழவில்லை. அந்த அம்மாவும் உட்காரவில்லை.

"நான்தாங்க அது."

மண்டபமே அவரைத் திரும்பிப் பார்த்தது. கால் உடைந்த பெண்ணின் அப்பா மட்டும் வியக்கவில்லை. அந்த அம்மா அன்றே ஆஸ்பத்திரிக்கு வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டிருந்தார்.

"உங்க லாரியை நிறுத்த எங்ககிட்ட எதுக்கும்மா மனு? நீங்களே நிறுத்திடலாமே?" என்றார் தலைவர்.

"என் லாரியை அன்னிக்கே நிறுத்திட்டேங்க. இப்போ விடியுறதுக்குள்ள சரக்கு போயிடுது. ஆனா அதே தெருவுல இன்னும் மூணு கம்பெனி லாரி ஓடுதே! நான் கெஞ்சிப் பார்த்துட்டேன், மசியல. நீங்க உத்தரவு போட்டாத்தான் நிறுத்துவாங்க."

பின்வரிசையிலிருந்து மூன்று பேர் வாசல் பக்கம் நழுவினார்கள்.

பெண்ணின் அப்பா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"உட்காருங்க சார். அடுத்து உங்களைத்தான் கூப்பிடுவாங்க."